மேனேஜருக்குக் காவிரித் தண்ணீர்

இன்று காலை மகளுக்குக் கஞ்சி காய்ச்ச ராகி மாவைத் தேடினேன். மாவு டப்பா அதன் இடத்தில் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது எதுவுமே அதன் இடத்தில் இருப்பதில்லை. சீப்பு ஃப்ரிட்ஜுக்குள்ளும் தக்காளி ஷூ ஸ்டாண்டிலும் இருக்கும். மேல் தட்டில் கையை விட்டுத் துழாவியபோது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. சுக்குப் பொடியாக இருக்கும் என்று மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

காய்ந்த சென்னாக்கூனி இறால் வாசனை. மீன் தீனி.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதன் தேதி எப்போதோ முடிந்துபோயிருந்தது. பாராசிட்டமால் பாட்டிலின் தேதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவள் நான். இதை மட்டும் வீடு மாறியபோது பத்திரமாகத் துணியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் பெங்களூர் தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. கன்னடக்காரர், ஆனால் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மோடு தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வரும். நானும் என் கணவரும் வேறு வேறு கம்பெனியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும்தான்.

ஆனால் சனிக்கிழமை என்றால் அப்போது ஒரு முழு நாள். இதை இன்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ. காலையில் இருந்து இரவு வரைக்கும் ஒரே நாளாக நீண்டுகொண்டே போகும். தெருமுனை தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே ஒரு மசால் தோசை, பை டூ காபி. கையில் காசு இல்லாமல் இல்லை. ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றித் தரச் சொல்வது அந்த ஊருக்கு வந்து நாங்கள் கற்றுக்கொண்ட முதல் சொகுசு. அப்புறம் பொழுதுபோக்குகள். இவர் ஒரு கிடார் வாங்கினார். அது 'டொய்ங்' என்று ஒரு முறை அழுததோடு சரி. நான் வாட்டர் கலர் வாங்கினேன். எந்தத் தாள் நல்லது என்று இணையத்தில் படித்து, அதற்குப் பதில் எழுதியவர்களின் பதில்களையும் படித்து முடிப்பதற்குள் ஆசை போய்விட்டது. கொண்டைக் கடலையை ஊறவைக்கக்கூட நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஊறவைப்பேன். எனக்கு உண்மையான பொழுதுபோக்கு ஒன்றே ஒன்றுதான்: கவலைப்படுவது. வார நாட்களிலும் செய்வேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், தோசைக்கு நடுவில், இவர் பேச்சை எடுத்தார். கல்யாணமாகி இரண்டு தீபாவளி போய்விட்டிருந்தது. குடியாத்தத்தில் இருந்து அத்தை, இவருடைய அம்மா, வாராவாரம் போன் செய்து "விசேஷம் ஏதாச்சும் உண்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நமக்கும் ஒண்ணு வேணாமா? உன் அக்கா பையனை நீ எவ்ளோ நல்லா பார்த்துக்கிட்ட."

"எங்க நல்லா பார்த்துக்கிட்டேன்? அவன் தூங்குறப்ப எல்லாம் மூச்சு வருதான்னு மூக்குல விரல வெச்சு வெச்சு எழுப்பி விட்டேன். அக்கா என்னை பஸ் ஏத்தி விட்டுட்டா."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் குழந்தை வேண்டாம் என்பதில்லை. என் கையில் எது கொடுத்தாலும் அது வாடிவிடும் என்று ஒரு பயம். ஆன்ட்டி கொடுத்த மணி பிளான்ட் கூட, யாராலும் கொல்ல முடியாத அந்தச் செடி கூட, என்னிடம் வந்து அழுகிப்போயிருந்தது.

"முதல்ல ஒரு மீன் வளர்த்துப் பார்ப்போங்க" என்றேன். "அது ஒரு வருஷம் இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா?"

"அப்புறம் யோசிக்கலாம்."

"யோசிக்கலாமா, பெத்துக்கலாமா? இப்பவே தெளிவா சொல்லு. நடுவுல ரிக்வயர்மென்ட் மாத்தக் கூடாது."

"சரி... பெத்துக்கலாம்."

பக்கத்தில் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர் போல.

அன்றைக்கே சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனோம். மாடிப்படி ஓரத்தில் ஒரு பாய் மீன் கடை வைத்திருந்தார். ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, காற்றடிக்கும் மோட்டார், ஒரே ஒரு தங்கமீன். ஆரஞ்சு நிறம், வாலில் மட்டும் மை தெறித்த மாதிரி ஒரு கறுப்பு மச்சம். வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டதும் கண்ணாடிக்கு அருகில் வந்து நின்று வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. ஒரு சொல் வெளியே வரவில்லை.

"எங்க மேனேஜர் மாதிரியே இருக்கு. மீட்டிங்ல இப்படித்தான்" என்றார் இவர். மேனேஜர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அத்தையிடம் போனில் சொன்னேன். "விசேஷம் இல்லத்தே. மீன் வாங்கியிருக்கோம்."

"எந்த மீனு? கொழம்புக்கா, வறுக்கவா?"

"வளர்க்க."

"அவன்கிட்ட போனைக் குடும்மா" என்றார்.

பெங்களூரில் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். மற்ற நேரத்துக்கு டேங்கர் தண்ணீர்; வாளியில் பிடித்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்த உப்புத் தண்ணீர் மேனேஜருக்கு ஆகாது என்று எங்கோ படித்தேன். அதிலிருந்து காவிரி வரும் நாளில் இரண்டு வாளி பிடித்து, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, தூசி விழாமல் அதன் மேல் வெள்ளைத் துணி கட்டி, குளியலறை மூலையில் வைத்துவிடுவேன். அதை யாரும் தொடக்கூடாது.

"காவிரி மீனுக்கு, டேங்கர் எனக்கா? என் முடியைப் பாரு, சீப்போட வருது" என்று ஈரத் தலையோடு வந்து நிற்பார் இவர்.

"உங்களுக்கு முடிதானேங்க போகுது. அதுக்கு உயிர் போயிடும்."

இதைக் கேட்டுக்கொண்டே படியேறி வந்த ஆன்ட்டி, "ஒள்ளே ஹெண்டதி சார் உங்களுக்கு, நல்ல பொண்டாட்டி! மண்டை காலி ஆனாலும் மீனு உசிரோட இருக்கும்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனார்.

மேனேஜர் பிழைத்தார். வாரங்கள் போயின. காலையில் முதலில் எழுந்திருப்பவர் இவர்தான். சில நாட்கள் நான் எழுந்து வரும்போது தொட்டி மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கும்.

"இன்னிக்கு மேனேஜர் லீவு. வெளிச்சம் ஒத்துக்கல போல. நீ கிட்டப் போய்ப் பயமுறுத்தாத" என்பார்.

நானும் அன்று வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க நுனிக்காலில் நடப்பேன். மிக்ஸி கூடப் போடமாட்டேன். மறுநாள் துண்டை எடுத்ததும் மேனேஜர் புத்துணர்ச்சியோடு நீந்துவார். சில சமயம் கொஞ்சம் இளைத்த மாதிரி இருப்பார், சில சமயம் ஒரு சுற்றுப் பெருத்திருப்பார். வால் மச்சம் ஒரு முறை இடம் மாறிய மாதிரிகூடத் தோன்றியது. தங்கமீனுக்கு நிறம் மாறுமா என்று இணையத்தில் தேடினேன். மாறும் என்று போட்டிருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, மின்விசிறி கழன்று விழுமா என்று உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, ஒரு துண்டைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

மேனேஜர் வந்து ஒரு வருஷம் முடியக் கொஞ்ச நாளே இருந்தது. அன்றும் சனிக்கிழமை. இவர் விடியும் முன்பே ஆபீஸ் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போயிருந்தார். நான் எழுந்து வந்து பார்த்தால் மேனேஜர் மேலே மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். மோட்டார் விடும் குமிழிகள் அவரை லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தன.

அழுதேன். வெகுநேரம் அழுதேன். அது மீனுக்காக இல்லை என்று நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நானே வைத்த பரீட்சை. தோற்றால் இன்னும் கொஞ்ச காலம் தப்பிக்கலாம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல. தோற்ற பிறகு பார்த்தால், தப்பித்த நிம்மதி எங்குமே இல்லை. ஜெயிக்கத்தான் வேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரை என் ஆபீஸ் டிபன் பாக்ஸில் வைத்தேன். ஆட்டோ பிடித்தேன். மடியில் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"மெதுவா போவட்டுமா மேடம்? சாம்பார் சிந்திரப் போவுது."

"பரவால்லங்க. வேகமாவே போங்க."

மீன் கடைக்கு நான் அந்த முதல் நாளுக்குப் பிறகு போனதில்லை. நாங்கள் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் கீழே காய்கறி பொறுக்கிக்கொண்டிருப்பேன். தீனி வாங்கிவர இவர்தான் மேலே போவார். பாய்க்கு என் முகம் நினைவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

"பாய், இதே மாதிரி வேணும். வால்ல மச்சம் இருக்கணும்."

பாய் குனிந்து பார்த்தார். "அரே, இது நம்ம தொம்மலூர் சார் மீனாச்சே! இந்த மச்சத்துக்காகத்தான் அந்த சார் என் தொட்டியெல்லாம் கலக்கி எடுப்பாரு மேடம். ஒவ்வொரு தபாவும் இதே தகராறு."

"ஒவ்வொரு தபாவுமா?"

"ஆமா. மீனு செத்துச்சுன்னா ஆபீசுக்கு லேட்டா போறேன்னு போன்ல சொல்லிக்கினே ஓடி வருவாரு. வூட்ல மேடத்துக்குத் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா காரியமே கெட்டுப் பூடுமாம். என்னா காரியமோ." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவங்க...?"

"பக்கத்து வீடு" என்றேன்.

பாய் கை வலையை எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொட்டிகளைக் கலக்கி மச்சம் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்தோம். திரும்பும்போது ஆட்டோவில் அந்தத் தண்ணீர்ப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே வந்தேன். கோபம் வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை. டேங்கர் தண்ணீரில் குளித்து முடி கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, அந்தக் கசகசப்பான கடையில் மீன் வாலைக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறார்.

புது மேனேஜரைத் தொட்டியில் விட்டு, மேலே துண்டைப் போர்த்தினேன்.

சாயங்காலம் இவர் மட்டையோடு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததை நான் கவனிக்காத மாதிரி கீரை ஆய்ந்தேன்.

"துண்டு யாரு போட்டது?"

"நான்தாங்க. இன்னிக்கு மேனேஜர் லீவு. வெளிச்சம் ஒத்துக்கல போல."

இவர் துண்டின் நுனியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ம். கொஞ்சம் இளைச்சிருக்காரு" என்றார். அவ்வளவுதான்.

வருஷம் முடிந்த அன்று கேக் வாங்கி வந்தார். ஆன்ட்டியையும் கூப்பிட்டு, தொட்டி முன்னால் வைத்து வெட்டினோம். "கங்கிராட்ஸ் மேனேஜர்" என்று இருவரும் கை தட்டினோம். எங்கள் முகங்களில் இருந்த பயபக்தியைப் பார்த்து ஆன்ட்டிதான் விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி மேனேஜர் உண்மையிலேயே பிழைத்துக்கொண்டார். நான் பாதி நாள் தண்ணீர் மாற்ற மறந்தேன், தீனி போட மறந்தேன். அவர் கொழுகொழுவென்று வளர்ந்தார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் தீனி டப்பாவைத் திறந்தேன். சென்னாக்கூனி வாசனை மூக்கில் ஏறியதும் வாஷ்பேசினுக்கு ஓடினேன். இவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு பின்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த முறை அத்தைக்கு இவரே போன் செய்தார்.

மகள் பிறந்தபின் இந்தப் பெரிய வீட்டுக்கு வந்தோம். குழந்தை தொட்டியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் என்று நான் பயந்ததால், மேனேஜர் ஆன்ட்டி வீட்டில் தங்கிவிட்டார். போன வாரம் ஆன்ட்டி படம் அனுப்பிக் குரல் செய்தியும் போட்டிருந்தார்: "நிம்ம மேனேஜர் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்காரு ம்மா. ஊட்டா ஆச்சு, சாப்பிட்டாச்சு." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலில் மச்சமே இல்லை. இவரிடம் காட்டினேன். இவரும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆன்ட்டி நல்லா பார்த்துக்கிறாங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

பாயைப் பார்த்ததை நான் இதுவரை இவரிடம் சொன்னதில்லை. இவரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. பாய் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள். பை டூ காபி குடித்து எத்தனை காலமாயிற்று! அவரவர் காபியை அவரவர் ஆறவைத்து, ஆறிய பிறகு மறந்துபோய், சிங்க்கில் ஊற்றுகிறோம்.

மற்றபடி ரொம்ப நேர்மையான தம்பதி ஆகிவிட்டோம். 'ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிட்டா.' 'மோஷன் போயிட்டா, கொஞ்சம் பச்சை.' 'ஸ்கூல் மிஸ் கூப்பிட்டாங்க.' நாள் முழுக்கப் போனில் ஒன்று விடாமல் சொல்லிக்கொள்கிறோம். ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைப்பதில்லை. மறைப்பதற்கு ஒரு துண்டு போதாது. மச்சம் தேடி அலைய ஒரு முழு சனிக்கிழமையும் வேண்டுமே.