ஆரோக்கியநாதர் கோயிலின் குறுக்குக் கம்பிகள்

கொத்தனார் கன்னியப்பனுக்கு அறுபத்து நான்கு வயதில் மூச்சு பாதிதான் மிஞ்சியிருந்தது. மீதியைச் சுண்ணாம்புத் தூளும் சிமெண்டும் தின்றிருந்தன. முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பத்துக்கு நடக்கவே இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். இருந்தாலும் அங்குள்ள ஆரோக்கியநாதர் சிற்றாலயத்தில் வேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாக அந்தச் சுவரில் கரணை பிடித்தவர் வேறு யாரும் இல்லை.

அறுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கோயில். காலராவில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வாரிக்கொடுத்த பிரெஞ்சு வியாபாரி ஒருவர் நேர்ந்துகொண்டு கட்டினாராம். உடம்பு சின்னது, முகம் பெரியது. முகப்பில் இரட்டை இரட்டையாக அரைத்தூண்கள். அவற்றுக்கு மேல் அலைபோல ஏறி இறங்கும் நெற்றிச்சுவர். இரு பக்கமும் சங்குபோல் சுருண்ட சுதை வேலை. நடு மாடத்தில் நாயோடு நிற்கும் புனிதர். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அந்த ஆடம்பரம் எதுவும் கிடையாது, வெறும் பூச்சுச் சுவர். உள்ளே கூண்டு வண்டியின் கூரைபோலச் செங்கல்லாலேயே வளைத்த கூரை. விட்டம் இல்லை, மரம் இல்லை. அப்படிப்பட்ட கூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, இரு சுவரையும் வெளியே தள்ளும். தள்ளவிடாமல் பிடித்திருக்கத்தான், கட்டியவர்கள் சுவருக்குச் சுவர் இரண்டு இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் கம்பிகளைப் பதிமூன்று வருடத்துக்கு முன் அறுத்தவர் கன்னியப்பன். அறுக்கச் சொன்னவர் கோயிலைக் கவனித்துவரும் உபதேசியார் அந்துவான். பிரான்சில் இருக்கும் மகன் வாங்கித் தந்த புதுச் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றித் தோளில் தூக்கியபோது, அதன் குடை கம்பியில் இடித்தது. பிரெஞ்சுக்காரன் விளக்கு தொங்கவிட்ட கம்பிதானே, இனி எதற்கு என்றார் அந்துவான். கன்னியப்பனும் ரம்பத்தை எடுத்தார். அறுபட்ட நொடியில் கம்பியின் இரு முனைகளும் ஒரு விரல்கடை விலகின. சும்மா கிடந்த கம்பி அப்படி விலகாது என்று கைக்குத் தெரிந்தது. வாய் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு மேற்குச் சுவரில் விரிசல் விட்டது. ஒவ்வொரு ஆடியிலும், திருவிழாவுக்கு முன்னால், சிமெண்டைக் குழைத்து அதை அடைத்துவந்தார்.

இந்த வருடம் பழுதுபார்ப்பதற்கு அளவெடுக்க இனியா என்ற கட்டடப் பொறியாளர் வந்தாள். சுவரின் வெளிப்பக்கத்தில் கம்பி முனைகளைப் பிடித்திருந்த இரும்புத் தகடுகளைப் பார்த்ததும், உள்ளே கம்பி எங்கே என்று கேட்டாள். தன் தாத்தா காலத்திலேயே கிடையாது என்றார் அந்துவான். கன்னியப்பன் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நூறு வருஷத்துக்கு முன்னாடியே போயிருந்தா பயமில்ல, சுவர் ஆடி அடங்கியிருக்கும்” என்றாள் இனியா. “சமீபத்துல அறுத்திருந்தா இன்னும் நகர்ந்துகிட்டுதான் இருக்கும். ஒரு ஆளைக்கூட உள்ள விடக் கூடாது.”

விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டி, தேதி எழுதினாள். சுவர் நகர்ந்தால் அது உடையும்; உடைந்தால் உடனே போன் செய்யச் சொன்னாள். மிச்சச் சில்லுகளைக் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

நாலாம் நாள் காலை கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. போன் செய்தால் கம்பியை யார் அறுத்தார்கள், எப்போது அறுத்தார்கள் என்ற கேள்வி வரும். கன்னியப்பன் வேறு சில்லை ஒட்டி, பழைய தேதியையே எழுதினார். மூன்று நாளில் அதுவும் உடைந்தது. அதையும் மாற்றினார். அந்துவான் தினமும் பூசை முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார். முழுசாக இருக்கும். நிம்மதியாகப் போவார்.

அன்று சாப்பாடு இறங்காமல் மனைவி கமலாவிடம் கம்பி சங்கதியைச் சொன்னார். ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தவள் அவள்.

“உள்ள சீழ வெச்சிக்கினு மேல கட்டு மாத்தினா ஆவுமா? அறுபது பேர் ஒக்கார்ற எடம். போய்ச் சொல்லிட்டு வந்து சோறு துன்னு” என்றாள்.

அவர் இனியாவிடம் போய்க் கம்பியைச் சொன்னார், வருடத்தைச் சொன்னார். கண்ணாடியை மட்டும் சொல்லவில்லை. கண்ணாடி முழுசாக இருப்பது அவளுக்கே புரியாத புதிர்தான். இருந்தாலும் கோயிலைப் பூட்டச் செய்தாள்.

திருவிழா தெருவில் பந்தல் போட்டு நடந்தது. கோயிலில் ஒரு பூச்சுகூட உதிரவில்லை. அந்துவான் பந்தலில் எல்லார் காது கேட்கச் சொன்னார்: “ஒரு வாரம் என் கண்ணால பாத்தேன். கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. கொத்தனாருக்கு வயசாயிடுச்சி, செவுரப் பாத்தா பயம் வருது.” சிரித்தார்கள். வாயைத் திறக்க அதுதான் வேளை. கன்னியப்பன் திறக்கவில்லை.

கார்த்திகையில் விடாத மழை. பழுதுபார்க்கும் வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கூரை ஒழுகிச் சுரூபம் நனைவதை ஜன்னல் வழியாகப் பார்த்த அந்துவான், தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு தார்ப்பாயோடு உள்ளே போனார். மேற்குச் சுவர் வெளியே சாய, கூரை மொத்தமாக இறங்கியது. முகப்பு மட்டும் சுருள் கலையாமல் நின்றது; அதன் கதவு வழியாகப் பார்த்தால் வானம் தெரிந்தது. செங்கல்லை அள்ளிப் போட்டவர்களில் கன்னியப்பனும் இருந்தார். அந்துவானை உயிரோடுதான் எடுத்தார்கள். முதுகுத்தண்டு போயிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

பிரான்சிலிருந்து மகன் வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனான். இரவுக்குப் பக்கத்து வீட்டு மாலாவை ஏற்பாடு செய்திருந்தான். பகலுக்குக் கன்னியப்பன் தானாகப் போனார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இடுப்பெலும்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூத்திரப் பையைத் தரையில் வைக்கக் கூடாது என்றெல்லாம் கமலா சொல்லிக் கொடுத்திருந்தாள்.  ஒருநாள் அந்துவான், நீ சொன்னதை நம்பாமல் போனேனே என்று அழுதார். அதன் பிறகு தினமும் அதையே சொன்னார்.

பத்தாம் நாள் கன்னியப்பனால் தாங்க முடியவில்லை. புரட்டுவதற்காகத் தோளைப் பிடித்திருந்தவர், அப்படியே சொன்னார்.

“கண்ணாடி ஒடஞ்சிதான் இருந்துச்சி. நான்தான் மாத்தி ஒட்டினேன். ரெண்டு தபா.”

அந்துவான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“திருப்பி வுட்டுட்டுப் போ” என்றார்.

மறுநாள் மாலா வாசலிலேயே நிறுத்தினாள். இனி அவர் வர வேண்டாமாம். கன்னியப்பன் திரும்பி வந்து கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், கண்ணாடியையும் சேர்த்து. அவள் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நேற்று குதிகாலில் சிவப்பு இருந்ததா என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றார்.

“உங்க கோவத்துக்கெல்லாம் புண்ணு காத்துக்கினு இருக்காது” என்று சொல்லி, பழைய வேட்டியைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவளை அந்துவான் உள்ளே விட்டார்.