உவர்நாட்டின் பதினோராம் மன்னன்

அண்ணன் தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளிவிடுவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. டயாலிசிஸ் முடிந்த மதியங்களில் சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக் கடையில் உட்காருவோம். அவன் ஒரு வாய் மட்டும் குடிப்பான். உடம்பில் தண்ணீர் தேங்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. மீதியை நான் குடித்து முடிக்கும்வரை உவர்நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான்.

உவர்நாடு எங்கும் இல்லாத நாடு. மார்சிலிங்கில் அம்மா வீட்டில், உயர்நிலைப் பள்ளி நாட்களில் அவன் உண்டாக்கியது. அப்போது அதில் ஏழு ஆறுகள் ஓடின. சிறுநீரகம் கெட்ட பிறகு ஏழையும் வற்றவைத்துவிட்டான். உவரன் என்ற ஆதிதெய்வம் உலகைப் படைத்த அசதியில் ஏழு ஆறுகளையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டதாம். அதன் வியர்வையை நக்கித்தான் மனிதர்கள் பிழைத்தார்களாம். முடிசூடும் நாளில் மன்னனுக்கு ஒரு கை நீர் கொடுப்பார்கள். அடுத்த கை சாகும் நாளில்தான். இப்படிப் போர்களும் பஞ்சங்களும் பாழடைந்த கோயில்களுமாகப் பத்து மன்னர்களின் வரலாற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி நிரப்பினான். யார் படிக்கப் போகிறார்கள் என்று கேலி செய்வேன். நாடு என்று இருந்தால் வரலாறு வேண்டாமா என்பான்.

அவனுக்கு ர, ற இரண்டும் ஒன்றுதான். அரசனை ‘அறசன்’ ஆக்கிவிடுவான். நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. கை சும்மா இருக்குமா? ஆரம்ப நோட்டுகளில் அவன் மையைவிட என் சிவப்பு மைதான் அதிகம்.

ஒருநாள் அதே கடையில், உவர்நாட்டுக் கதை எதுவும் பேசாமல், கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டான். “கூடப் பொறந்தவங்கன்னா கிட்னி மேட்ச் ஆகுற சான்ஸ் அதிகமாம் பாப்பா. டெஸ்ட் மட்டும் எடுத்துப் பாக்குறியா? ஃபோர்ஸ் பண்ணல லா.”

“யோசிச்சுச் சொல்றேண்ணே” என்றேன். யோசித்தேன், இரண்டு வருடம். கல்யாணமான புதிது, முதலில் ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கத்திக்குப் பயந்தேன் என்பதுதான் உண்மை. அவன் மறுபடி கேட்கவே இல்லை. வழக்கம்போல ஒரு வாய் குடித்தான், கோப்பையைத் தள்ளினான். இரண்டாவது வருடக் கடைசியில் இருதயம் நின்று போய்ச் சேர்ந்தான். அவன் கேட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதல் திதிக்கு உவர்நாட்டைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க நினைத்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை, தெரியும். கடைசி நோட்டில், அவன் எனக்குக் காட்டாமலே எழுதிவைத்த பக்கத்தில், இப்படி இருந்தது: ‘பதினோராம் மன்னன், கிணறு வற்றாத தன் தங்கையின் வாசலில் இரந்தான். பிறகு மூன்று நாள் நடந்து நாடு திரும்பினான்.’ மறுபடியும் ர, ற தகராறு என்று ‘இறந்தான்’ எனத் திருத்தினேன். செத்தவன் எப்படி நடப்பான்? உடம்பு முடியாமல் குழம்பி எழுதியிருக்கிறான் என்று அடுத்த வரியை எடுத்துவிட்டேன். நாற்பது பிரதிகள் அப்படியே அச்சாயின.

திதி முடிந்த மறுவாரம் மார்சிலிங் போனேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்திருந்தார்.

“பத்து ராஜாவும் சண்டையில செத்தாங்க, பஞ்சத்துல செத்தாங்க. இவன் மட்டும் ஏன் தங்கச்சி வீட்டு வாசல்ல போய்ச் சாகணும்?”

நான் அலமாரியிலிருந்து கடைசி நோட்டை எடுத்து, முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். பத்து மன்னர்களின் சாவையும் அதில் அவன் மறுபடி சுருக்கி எழுதியிருந்தான். முதல் மன்னன் இறந்தான். இரண்டாமவன் இறந்தான். பத்துப் பேரும் இறந்தார்கள், ஒரு இடத்தில்கூடத் தவறில்லாமல், பெரிய ற போட்டு. என் சிவப்பு மை வீண்போகவில்லை, அண்ணன் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தான். பதினோராமவனுக்கு மட்டும் சின்ன ர. இரந்தான். கையேந்திக் கேட்டான். கேட்டுவிட்டு நடந்தான்.

நோட்டோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னடி எழுதியிருக்கான் என்று அம்மா கேட்டார்.

“அவன் அங்க சாகலம்மா. நான்தான் தப்பாத் திருத்திட்டேன். தங்கச்சிகிட்ட தண்ணி கேக்கப் போயிருக்கான்.”

“குடுத்தாளா?”

“குடுக்கல.”

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு, “அவளுக்கு என்ன கஷ்டமோ, பாவம்” என்றார்.

அந்தத் தங்கை யாரென்று அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.