பார்க்க வராதவன்

காலையில் பூஞ்சைக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அரை மணி நேரம் உலகம் மினுங்கும். மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கும் உடம்பு என்னுடையது. அந்தச் சந்தில்தான் பூஞ்சை நுரையீரலுக்குள் புகுந்தது. பார்வை இப்படி ஆவது மருந்தின் வேலை, தானே போய்விடும் என்றார் டாக்டர். வண்டி ஓட்டக் கூடாது.

ஆகவே இன்று கிணத்துக்கடவில் உக்கடம் பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் தண்ணீருக்கடியில் நிற்பவைபோல மெல்ல அலைந்தன. நீல ஒளி ததும்பிய ஓர் இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான்.

சித்தப்பா மகன் ராசு. நான் மருத்துவமனையில் ட்ரிப்ஸோடு கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன். அன்றிலிருந்து பேச்சில்லை.

"உக்காருங்ணா."

"ஊரே வந்து பாத்துச்சு. நீ வரல."

"வந்தனுங்ணா, கீழ வாசல் வரைக்கும். தேங்காய் நார்க் களத்துலிருந்து நேரா வந்துபோட்டேன். மேலெல்லாம் தூசி. உங்களுக்குத் தூசியே ஆகாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. திரும்பிட்டேன்."

"குளிச்சுப்போட்டு மறுநாள் வர்றதுக்கென்ன?"

"மறுநாள் சளி புடிச்சுக்கிச்சுங். இப்பவும் லேசா இருக்குதுங்."

சொல்லிவிட்டுப் பின்படிக்கட்டு வரை நகர்ந்து நின்றுகொண்டான்.

நிறங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கோபத்தைத் தேடினேன், காணவில்லை.

ஆப்பிள் பையோடு வந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அன்போடு இருமிவிட்டுப் போன சொந்தங்களே, இதைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?