கழியோரத்து அறுபத்து மூன்று

என் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எண்ணுகிறவள். கோடு போட்ட கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை விட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவாள். இன்று இதற்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. மெஷின் தடுமாறும் ரத்தம் மட்டும் இவளிடம் வரும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. சரி, ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா இருப்பாளா என்றால், ஏரிக்கரை மணலுக்குப் போய்ப் பறவைகளை எண்ணுவாள்.

பாவம், தனியாகப் போகிறாளே என்று ஒரு நாள் கூடப் போனேன். அதோடு மாட்டிக்கொண்டேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவனுக்கு உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! குட்டைக் கழுத்தோடு மணலில் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. ஈர மணலில் அலகைக் குத்திக்கொண்டே நடந்தால் உள்ளான். இதைப் படிக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

அந்த மணலில் ஒரு தொல்லை உண்டு. ஜனங்கள் காரைத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஓட்டி வருவார்கள். வண்டி வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். ஆயிரக்கணக்கான மைல் பறக்க வேண்டிய குஞ்சுகுளுவான் பறவைகள், தின்று சேர்த்த கொழுப்பையெல்லாம் இப்படி எழும்பி எழும்பியே தொலைத்துவிடும் என்று இவள் புலம்புவாள். ஏரி அலுவலகத்து அதிகாரியிடம் மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தாள். குறித்த ஒரு நாள் எண்ணிக்கையில் ஆயிரம் தாண்டினால் வசந்தம் வரை வண்டிக்குத் தடை போடலாம், விதி அப்படி என்றார் அவர். முதல் வருஷம் எண்ணூற்றெழுபது. அடுத்த வருஷம் தொள்ளாயிரத்துப் பதினைந்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினோம். அவள் முறை அவளுடைய லேப் முறைதான். கரை நடுவில் ஒரு கழியை நட்டு, இடப்பக்கம் தனக்கு, வலப்பக்கம் எனக்கு என்று பிரித்துவிடுவாள். கழிக்கு நேராக நிற்பது அவள் கணக்கு, அதை நான் தொடக்கூடாது. ரத்தத்திலும் அப்படித்தானாம், கோட்டில் கிடக்கும் அணுவை ஒரு கட்டத்தில்தான் சேர்ப்பார்களாம். மொத்தம் ஆயிரத்து நாற்பத்தொன்று வந்தது. அதிகாரி அன்றைக்கே கைகொடுத்தார். அடுத்த வாரம் தடை ஆணையும் வந்துவிட்டது.

ஆணை வந்த அன்று சாயங்காலம் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு குஷியாக அவளை நான் பார்த்தே வெகுநாளாயிற்று. கழியோரம் பாசி ஒதுங்கிக் கிடந்ததாம், அதன் மேல் மட்டுமே அறுபத்து மூன்று உள்ளான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாசியை நானும் எண்ணின ஞாபகம். சட்டைப்பையில் இருந்த என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். "பாசி மேடு, 63" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ராத்திரிச் சாப்பாடு வரை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் முடியவில்லை, நோட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அவள் கழித்துப் பார்க்கக் காகிதம்கூட எடுக்கவில்லை.

"தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு" என்றாள்.

மறுநாள் காலை அதிகாரிக்குப் போன் செய்தாள். இருபத்திரண்டுதானே குறைகிறது, ஆணை போட்டாயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த மனிதர் நல்லதனமாகத்தான் சொன்னார். தப்பு யாருடையது என்றும் கேட்டார். எங்கள் எண்ணிக்கையில் தப்பு என்று மட்டும் சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுபடி எண்ணலாமே என்று கெஞ்சினேன். குறித்த நாள் போனால் போனதுதானாம்.

நான்காம் நாள் ஆணையை ரத்து செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வழக்கம்போலப் போனோம். விடிந்து ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தது. தண்ணீரில் கிளுவை வாத்துகள் மிதந்தன, உள்ளான்கள் ஒற்றைக் காலில் தூங்கின. பிறகு ஒரு வெள்ளைக் கார் மணலில் இறங்கி, நேராக விளிம்புக்கு வந்து நின்றது. கூட்டம் முழுக்க எழும்பி, ஏரி மேல் இரண்டு சுற்று சுற்றி, இறங்க இடமில்லாமல் எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

அவள் பைனாகுலரைக் கீழே இறக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு நோட்டைக் கொண்டுவந்து வெச்சீங்களே, ஏன்டா இவர் சொன்னார்னு ஒரு நிமிஷம் உங்க மேல வெறுப்பா வந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும்தான்" என்றாள்.

அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.