கழுவி வைத்த கண்ணாடிகள்

அழகிரி வாத்தியார் வேலையைத் தேடிப் போனவர் இல்லை. பச்சைமலை அடிவாரத்துக் கிராமங்களில் சுகாதார ஆய்வாளராக, கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டிக்கொண்டு சைக்கிளில் திரிந்த மனுஷர். அவர் சைக்கிள் ஊருக்குள் நுழைந்தாலே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவார்கள். மருந்து விழுவதற்கு முன்னால் நாலு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமே! அந்த ஊர்களில் காலராவைக் கண்டு பயந்தவர்களை விட அழகிரியைக் கண்டு பயந்தவர்கள்தான் அதிகம்.

ஐம்பத்தாறாம் வருஷம் திருச்சியில் சுகாதார ஆய்வாளர் பயிற்சிப் பள்ளியில் ஓர் ஆசிரியர் உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் போனார். தற்காலிகமாக வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அழகிரியை வரவழைத்தார்கள். வந்தவருக்குப் பேச்சு எடுத்த எடுப்பில் வரவில்லை. நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டினார். மறுநாள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேரையும் உறையூர்ச் சாக்கடைக்கு நடத்திக்கொண்டு போனார்.

"மூக்கைப் பொத்துறவன் இப்பவே பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடலாம்" என்றார். "இந்த நாத்தத்துக்குள்ளதான் நமக்குச் சோறு இருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது. சாக்கடையைக் காட்டி நோயைச் சொல்லிக்கொடுத்தார், சந்தையில் ஈ மொய்த்த மிக்சரை வாங்கி மேசை மேல் வைத்துப் பேதியைச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து வகுப்புக்காரர்கள் கூட ஜன்னல் ஓரம் வந்து நின்று கேட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் தான் எதற்காகப் பிறந்தோம் என்று ஒருவனுக்குத் தெரிய வந்தால் அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு போய் வைப்பான்? வீட்டில் மனைவி பொன்னுத்தாய் சோற்றைப் போட்டுக்கொண்டு, "சாப்பிடுறப்பவாவது பாடம் நடத்தாம இருங்க" என்று கும்பிடுவாள்.

விடுப்பில் போனவர் திரும்பவில்லை. தற்காலிகம் தற்காலிகமாகவே மூன்று வருஷம் ஓடியது. அப்புறம் சென்னையிலிருந்து புதிய பிரின்சிபால் வந்தார்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். வெளிநாட்டில் படித்தவர், பள்ளிக்கூடத்தைப் பெரிய நிறுவனமாக்கிக் காட்ட வேண்டும் என்ற வேகம் உள்ளவர். வந்த மாதமே ஆசிரியர்களைக் கூட்டி, பாடம் நடத்தினால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஆசிரியர் வளர்ந்தால்தான் பள்ளி வளரும் என்று ஒரு மணி நேரம் பேசினார். பேச்சின் கடைசியில்தான் விஷயம் வந்தது. வருஷ முடிவுக்குள் ஓர் ஆய்வைச் செய்து கொடுக்கிறவர்களுக்கு வேலை நிரந்தரம். மற்றத் தற்காலிக ஆட்கள் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

அழகிரிக்குப் பழைய இடம் என்றால் பிளீச்சிங் பவுடர் மூட்டை. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு யானைக்கால். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு தெரு. தேங்கின சாக்கடையும் கொசுவுமாக இருக்கும். வீட்டுக்கு ஒருவராவது காலை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தத் தெருவில் எத்தனை பேர் ரத்தத்தில் நோய்ப்புழு இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். இந்தப் புழு பகலில் உடம்புக்குள் எங்கோ ஒளிந்துகொள்ளும், ஊர் அடங்கின பிறகுதான் மேல் ரத்தத்துக்கு வரும். அதனால் வகுப்பு முடிந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிப் போய், ராத்திரியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்து வர வேண்டும். தெருவில் ஒருவரும் விரலை நீட்டவில்லை. ரத்தத்தை எடுத்து மிலிட்டரிக்கு விற்கிறான் என்று பேச்சு வேறு கிளம்பிவிட்டது.

முதலில் விரலை நீட்டியவள் ரெங்கம்மாள். வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் பூக்கட்டி விற்கிறவள். இடது கால் முழங்காலுக்குக் கீழே தூணாக வீங்கியிருக்கும். கூடப்பிறந்தவள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட அவள் போனதில்லை. எந்தப் புடவையும் அந்தக் காலை மறைக்காது.

"இதுனால என் கால் வத்துமா தம்பி?" என்று கேட்டாள்.

"வத்தாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். எத்தனை பேருக்கு இருக்குன்னு காட்டினாத்தான் மேலேர்ந்து மருந்து வரும். சாக்கடையை மூட ஆள் வரும்."

"அப்ப எனக்கு இல்லைன்னாலும் பின்னால வர்றதுகளுக்கு ஆவும்" என்று அவள் நீட்டினாள். மறுநாளே அவளே காலை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு, குடுங்கடி" என்று பெண்களை அதட்டிக் கூட்டி வந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாதங்கள் ஓடின. ஏறத்தாழ அந்தத் தெரு முழுக்கக் கண்ணாடியில் ஏறிவிட்டது.

கண்ணாடித் துண்டுகளை அடுக்கி வைக்கப் பள்ளங்கள் வைத்த மரப்பெட்டி என்று ஒன்று உண்டு. அதைக் கேட்டு அழகிரி எழுதிக் கொடுத்தார். நிதி இல்லை என்று பதில் வந்தது. ஆராய்ச்சி செய்யச் சொன்ன காகிதத்திலும் பெட்டி இல்லை என்ற காகிதத்திலும் ஒரே கையெழுத்து! வேறு வழியில்லாமல் வகுப்பில் பயன்படுத்தும் தகரத் தட்டுகளிலேயே கண்ணாடிகளைப் பரப்பிச் சாயம் ஏற்றிக் காய வைத்து, சோதனைக்கூடத்து அலமாரியில் அடுக்கினார். மைக்ராஸ்கோப்பும் ஒன்றே ஒன்று. பகலெல்லாம் வகுப்புக்கு, வகுப்பு முடிந்த பின்தான் இவருக்கு. கால்வாசிதான் பார்த்து முடித்திருந்தார். பார்த்ததையும் சென்னையிலிருந்து வரும் அதிகாரி மறுபடி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கணக்கில் சேரும்.

அப்போது சரஸ்வதி பூஜை வந்தது.

பூஜைக்கு முதல் நாள் சோதனைக்கூடத்தைச் சுத்தம் செய்வது பயிற்சி மாணவர்களின் உரிமை மாதிரி. ஆயுதம் என்று எது உண்டோ அதையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். அந்த வருஷம் தைரியராஜ் என்ற மாணவன் முன்னால் நின்றான். அரியலூர்ப் பக்கத்துப் பையன், கிறிஸ்தவன். ஆனால் அழகிரி சார் சோதனைக்கூடத்துப் பூஜை என்றால் அவன்தான் முதலில் துடைப்பத்தை எடுப்பான். ஸ்ரீரங்கத்துத் தெருவில் ஊருக்குப் போயிருந்த ஒரு குடும்பம் திரும்பி வந்துவிட்டதாக ரெங்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். கடைசி வீடு அது, ரத்தம் எடுக்க நாள் கேட்டுவிட்டு வர வேண்டும். அழகிரி சைக்கிளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்தையும் நல்லாக் கழுவி வைங்கப்பா. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"கறை பட்ட கண்ணாடி பொய் சொல்லும்!" என்று வகுப்பே சேர்ந்து கத்தியது. மூன்று வருஷமாக அவர் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அழகிரி சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

மறுநாள் காலை வேட்டி சட்டையில், நெற்றியில் விபூதியோடு, பொன்னுத்தாய் கொடுத்த சுண்டல் தூக்கோடு வந்தார். வாசலில் மாவிலை கட்டியிருந்தது. மைக்ராஸ்கோப்புக்குக் கதம்பம் சுற்றிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன் முன்னால், பொரி கடலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே, கண்ணாடித் துண்டுகள் கோபுரம் கோபுரமாக நின்றன. ஜன்னல் வெயிலில் கண் கூசியது.

"அலமாரியில இருந்ததையும் விடலங்க சார்" என்றான் தைரியராஜ். அவன் விரல்கள் சோடாவிலும் அமிலத்திலும் வெந்து தோல் உரிந்திருந்தன. "கறை போகவே மாட்டேன்னுச்சு. ராத்திரி பூரா ஊற வெச்சுத் தேய்ச்சோம். இப்பப் பாருங்க, ஒரு கறை இல்ல."

அழகிரி ஒரு கண்ணாடியை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெழுகுப் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்த பெயர் கூட இல்லை. இன்னொன்றை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். வகுப்பே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, பாராட்டுக்காக.

அத்தனை ராத்திரியும், அத்தனை கதவும், தெருவே நம்பி நீட்டிய விரலும் சாக்கடையோடு போய்விட்டன. கத்தியிருக்கலாம். யாரையாவது அறைந்திருக்கலாம். ஆனால் யாரை? வகுப்புக் கண்ணாடிகளும் தட்டில்தான் இருக்கும், இவர் கண்ணாடிகளும் அதே தட்டில்தான் இருந்தன. கழுவச் சொன்னது இவர். கறையைக் கண்டால் விடாதே என்று சொல்லிக்கொடுத்ததும் இவர்.

"நல்லா இருக்குப்பா" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு." பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

பூஜை அன்று பையன்களிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தார். மறுநாள் விஜயதசமி, அன்றும் வாய் வரவில்லை. அதற்கப்புறம் சொல்வதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. பிரின்சிபாலிடம் மட்டும் போய் நின்றார்.

"யார் கழுவினது?" என்றார் பிரின்சிபால். "பேரைச் சொல்லுங்க. பயிற்சியிலேர்ந்து நீக்கிட்டு, மாணவன் செஞ்ச நாசம்னு மேலே எழுதறேன். உங்களுக்கு ஒரு வருஷம் தவணை கிடைக்கும்."

அழகிரிக்குத் தோல் உரிந்த விரல்கள் ஞாபகம் வந்தன. "நான்தான் சார் கழுவச் சொன்னேன்."

பிரின்சிபால் பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். "நீங்க நல்லாப் பாடம் நடத்துறீங்க அழகிரி" என்றார் கடைசியில். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். "அதை நான் எந்தப் பத்தியில எழுதறது? அப்படி ஒரு பத்தியே மேலேர்ந்து வர்ற தாள்ல இல்லையே."

மறுபடி ரத்தம் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாலத்தில் காற்று சைக்கிளைத் தள்ளியது. நனைந்து போய்க் கதவைத் தட்டினால் ஒரு கதவும் திறக்கவில்லை. முதலில் எடுத்ததற்கே மருந்தும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இன்னொரு தரம் குத்த வந்துவிட்டான் என்றார்கள். ஓர் ஆள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரும்பத் திரும்பப் போனார். காய்ச்சலோடும் போனார். பொன்னுத்தாய் ஒரு நாள் சைக்கிள் சாவியை ஒளித்து வைத்து அழுதாள். நடந்தே போனார்.

கடைசியாக ரெங்கம்மாள் வீட்டு வாசலில் நின்றார். இத்தனை நாளும் அவள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் தள்ளிப் போட்டிருந்த வாசல்.

"அந்த ரத்தத்தையெல்லாம் என்ன பண்ணீங்க தம்பி?" என்றாள் அவள்.

"கழுவிட்டோம்மா."

பூக்கட்டிக்கொண்டிருந்த அவள் கையில் நார் நின்றது. தெருவைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். "என்னைய ஏசுறாங்க தம்பி. ஒரு வீட்டுலயும் ஏற முடியல. கால் வத்தும்னு நீங்க சொல்லல. அது எனக்குத் தெரியும். ஆனா நாங்க உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டோம், பாருங்க. கேக்காமலே நெனச்சுக்கிட்டோம்."

அழகிரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மழைத் தண்ணீரா கண்ணீரா என்று அவருக்கே தெரியாமல் முகம் நனைந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொழுது அடங்கினப்புறம் வாங்க. என்னோடது வேணா எடுத்துக்கங்க. வேற யாரையும் நான் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

அந்த மழைக்காலம் முழுவதற்கும் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு கண்ணாடிதான். மார்கழி பிறக்கும்போது உத்தரவு வந்தது. பழைய இடம், பழைய மூட்டை.

கடைசி வகுப்புக்கு அவர் அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். ஆராய்ச்சிக்கு ஒரு கண்ணாடி எதற்கும் காணாது. பாடத்துக்கு அது தாராளம். மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் சுருண்டு கிடந்தது புழு. அந்தத் தெருவைப் பற்றிச் சொன்னார், ராத்திரியில் கதவு தட்டுவது எப்படி என்று சொன்னார், பூக்கட்டுகிற ஒரு பெண்ணின் காலைப் பற்றிச் சொன்னார். ரத்தம் கொடுக்கிறவர்கள் வாய்விட்டுக் கேட்காததையும் நாம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அன்றைக்கு அவர் பாடம் நடத்தின மாதிரி என்றைக்கும் நடத்தியதில்லை. எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

வகுப்பு கலைந்ததும் தைரியராஜ் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். மேசை மேல் கிடந்த வகுப்புக் கண்ணாடிகளை அடுக்கினான். மைக்ராஸ்கோப்பிலிருந்து அந்தக் கண்ணாடியையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"சார், இதையும் கழுவிடட்டுமா?"

"வேண்டாம்ப்பா" என்று அழகிரி கையை நீட்டினார். "இதை மட்டுமாவது விடு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. தைரியராஜ் கண்ணாடியைப் பார்த்தான். ஊதாக் கறையைப் பார்த்தான். அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கையிலிருந்த தட்டு சாய்ந்து கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உடைந்தன.

"சார்... பூஜைக்கு நாங்க கழுவினது?"

"அது பழைய கண்ணாடிப்பா" என்றார் அழகிரி. "ஒண்ணுக்கும் ஆகாதது. நீ பெருக்கிட்டுப் போ, கால்ல குத்திடப் போகுது."

தைரியராஜ் உட்கார்ந்து, துடைப்பத்தை எடுக்காமல், உடைந்த துண்டுகளை வெறும் கையால் பொறுக்க ஆரம்பித்தான். அழகிரி போதும் போதும் என்று எவ்வளவோ சொல்லியும் அவன் கேட்கவில்லை.