கச்சேரி ரோட்டில் சவரியப்பனுக்கு வெல்லம் கிடைக்காத நாள்

சாந்தோம் குப்பத்தில் பிறந்தும் கட்டுமரம் ஏறாமல் லாரி ஏறியவன் சவரியப்பன். அடையாற்றுக்குத் தெற்கே மணல் வாரி, லஸ் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கொட்டி வருவான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவனுக்கு வேறு சொர்க்கம் வேண்டாம்.

1935-இல் அவனுக்கு நீரிழிவு கண்டது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் இன்சுலின் ஊசி. இனிப்பைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஊசி போட்டதும் சாப்பிட்டாக வேண்டும், தவறித் தலை சுற்றினால் உடனே வெல்லமோ சர்க்கரையோ வாயில் போட வேண்டும் என்றும் சொன்னார். மனைவி ஜெசிந்தாவிடம் சவரியப்பன் முதலாவதை மட்டும் சொன்னான். மருந்தே தலையைச் சுற்ற வைக்கும் என்று தெரிந்தால் அவள் லாரியில் ஏற விடமாட்டாள்.

ஜெசிந்தா கச்சேரி ரோட்டில் மீன் விற்பவள். தன் புருஷனுக்கு இனிப்புக் கொடுக்கிற கடையின் வாசலில் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டுவேன் என்று கடை கடையாகச் சொல்லி வைத்தாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வியாதிச் செய்தி லாரி முதலாளி முருகையனுக்கும் எட்டியது. ஒரு நாள் கூடவே வந்து பார்ப்பதாகவும், கோளாறு தெரிந்தால் வேறு ஆள் போடுவதாகவும் சொல்லிவிட்டார். அந்த நாளில் சவரியப்பன் ஊசி போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். முதலாளியைக் காக்கவைத்துக் கஞ்சி குடிப்பதா என்று அவன் வெறும் வயிற்றோடு வண்டியை எடுத்தான்.

மணல் ஏற்றிக்கொண்டு கச்சேரி ரோட்டில் திரும்பியபோது உலகம் மிக வேடிக்கையாகிவிட்டது. எதிரே வந்த ஜட்கா குதிரைக்கு ஹாரன் அடித்து சலாம் வைத்தான். லாரியைக் கட்டுமரமாக நினைத்து, காற்று நன்றாக இருக்கிறது, பாயை விரியுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டான். சிரிப்பு அடங்கவில்லை, சட்டை வியர்வையில் தொப்பலானது. தலை சுற்றியதும்தான் விஷயம் புரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினான்.

முருகையன் அவன் வாயை மோந்து பார்த்தார். கள் வாடையே இல்லை.

சவரியப்பன் தள்ளாடியபடி மண்ணாங்கட்டியின் சோடாக் கடைக்குப் போய் இனிப்பான கலர் சோடா கேட்டான்.

"ஆளை உடு நைனா," என்றான் மண்ணாங்கட்டி. "உனக்குக் கலர் குட்த்தா உன் பொஞ்சாதி கடைய நாற அட்ச்சிடும்."

மளிகைக் கடைக்காரர் அவனைக் கண்டதும் வெல்லக் கூடையைச் சாக்கால் மூடினார். மிட்டாய்க் கடைக்காரர் கடையையே சாத்தினார். ஒரு கட்டி வெல்லத்துக்காக ஆறடி ஆள் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரித்துக்கொண்டே அலைவதை முருகையன் வாய் பிளந்து பார்த்தார்.

கூச்சல் கேட்டு மீன் கூடையோடு வந்து நின்றாள் ஜெசிந்தா. இனி மறைத்துப் பயனில்லை என்று சவரியப்பன் உண்மையைச் சொன்னான்.

"சக்கரை துன்னாத்தான் நிக்கும், ஜெசி. ஊசியால வர்ற மயக்கம். சொன்னா வண்டி ஓட்ட உடமாட்டேன்னு சொல்லல."

அவள் கூடையை இறக்கினாள். மண்ணாங்கட்டியின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிப் புருஷன் வாயில் கவிழ்த்தாள். பாதி சட்டையில் போயிற்று. சற்று நேரத்தில் கடைகள் கடைகளாகவும் குதிரைகள் குதிரைகளாகவும் ஆயின. சவரியப்பன் சிரிப்பதை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்க்கப் பயந்து நின்றான்.

"மயக்கத்துலயும் வண்டிய ஒழுங்கா நிறுத்திட்டுத்தான் இறங்கினான்," என்றார் முருகையன். "ஆனா நாளைக்கி எவன் பாத்துப்பான்?"

"நான் பாத்துக்கறேன் மொதலாளி. கஞ்சி குடிக்காம வண்டியத் தொட்டான்னா நானே உங்களாண்ட வந்து சொல்றேன்," என்றாள் ஜெசிந்தா. அதோடு விடாமல் மறுபடியும் கடை கடையாக ஏறினாள். இவன் காரணமில்லாமல் சிரித்தால் உடனே வெல்லம் கொடுக்க வேண்டும், கொடுக்காத கடை வாசலில் அதே தண்ணீர்.

இத்தனை காவல் உள்ள டிரைவர் தன்னிடம் வேறு யாருமில்லை என்று முருகையன் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டார்.

சவரியப்பன் வேலை நிலைத்தது. ஆனால் கச்சேரி ரோட்டில் ஒரு பல் தெரிந்தாலும் நாலு கடையிலிருந்து வெல்லத்தோடு ஓடி வந்தார்கள். அதனால் சாந்தோமிலிருந்து லஸ் வரை எழவு வீட்டுக்குப் போகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவான். பகலெல்லாம் சேர்ந்த சிரிப்பை, காலி வண்டி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் வெளியே விடுவான்.