எதிர்க்கடைப் பெட்டி

என் பெயர் சேவுகன். கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்து டிவி பெட்டி விற்றேன். டிவி இல்லை, டிவியோடு மாட்டுகிற பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் பழைய டிவியிலும் சினிமா, பாட்டு, மேட்ச் எல்லாம் வரும். வரும் என்று சொல்லித்தான் விற்றேன்.

அதற்கு முன்பு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஊர் திரும்பியபோது இங்கேயும் ஏசி வேலைக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவன் போய் ஏணியில் ஏறுவதா என்று எனக்கு ஒரு எண்ணம். கண்ணாடி கவுண்டரும் சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டு, 'ககனம்' என்ற பெட்டிக்கு டீலர் ஆனேன். அட்டையில் ராக்கெட் படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். வேறு எதையும் யோசித்ததாக நினைவில்லை.

எதிர்ச்சாரியில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த அன்புச்செல்வி, கொஞ்ச நாளிலேயே 'நேத்ரா' என்று இன்னொரு பெட்டியை விற்க ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா? ஸ்டுடியோவில் இரவல் கோட்டு மாட்டிப் படம் எடுத்து, 'நம்பிக்கையின் மறுபெயர் ககனம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினேன்.

அன்புச்செல்வி போர்டு எதுவும் வைக்கவில்லை. வருகிறவர்களிடம் முதலில் ஊரைக் கேட்பார். "ஒங்க பக்கம் நெட்டு நிக்காதுண்ணே. இப்ப வாங்காதீங்க, லைன் இழுத்ததும் வாங்க" என்று திருப்பி அனுப்பியும் விடுவார். அப்படித் திரும்பியவர்கள் ரோட்டைத் தாண்டி என்னிடம் வருவார்கள். "எங்க வீட்ல இதுதாங்க ஓடுது. ஒரு தடவகூட நின்னதில்ல" என்று அடித்துச் சொல்லி ஒரு ககனத்தைக் கட்டிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வருவார்கள். "நீங்க ரிமோட்ட அமுக்குற விதம் சரியில்ல" என்பேன்.

இந்தச் சண்டையை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரிக்கெட் மேட்ச். பெலிக்ஸ் டீக்கடையில் ரெண்டு டிவி. ஒன்றில் ககனம், இன்னொன்றில் நேத்ரா. ஊரே பார்த்து முடிவு சொல்லட்டும்.

கூட்டம் கூடியது. மேட்ச் சூடு பிடித்த நேரத்தில் ககனத்தில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பிறகு திரை முழுக்கச் சீன எழுத்து வந்து நின்றது.

"சேவுகண்ணே, என்ன எழுதியிருக்கு?" என்றார் பெலிக்ஸ்.

"கொஞ்சம் பொறுங்கன்னு போட்டிருக்கு" என்றேன், சீனாவிலேயே படித்து வளர்ந்தவன் மாதிரி.

சற்று நேரத்தில் நேத்ராவும் நின்றது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அன்புச்செல்வி, "நெட்டு விட்டுருச்சுங்க. என் போன்ல இருந்து குடுக்குறேன், செத்த இருங்க" என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். படம் வந்ததும் நாற்காலிகளை அங்கிட்டுத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் சீனம் படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனால், மனைவி மணிமேகலை அதே மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் கண்ணாடி மாதிரி ஓடியது.

"பாத்தியா! வீட்ல நம்ம பெட்டி எப்புடி ஓடுது. டீக்கடை கரண்டுலதான் ஏதோ கோளாறு."

டிவி போடுவதும் அணைப்பதும் எப்போதும் அவள்தான். அன்று நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அதில் 'நேத்ரா' என்று இருந்தது.

"இத எப்ப வாங்குன?"

"தீபாவளிக்கு முன்னாடியே. ஒங்க பெட்டி நாடகம் நடக்கயில நின்னு நின்னு போச்சுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா சரியாயிருமா? ஒங்க மனசு கஷ்டப்படும்னுதான் ராக்கெட் அட்டைய டிவிகிட்டயே வச்சிருக்கேன்."

இத்தனை மாதமாக ஊரெல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டி என்று நான் சத்தியம் செய்தது எதிர்க்கடைப் பெட்டிக்கு. அன்புச்செல்விக்குச் சம்பளமில்லாத விளம்பரக்காரன் நான்தான். கோபப்படலாமா என்று பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. மணிமேகலையும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, விற்ற வீடுகளுக்கெல்லாம் கிளம்பினேன். திறந்து பார்த்தால் பெட்டி தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. சூட்டைப் பற்றித் தெரிந்த ஏசி மெக்கானிக் கையில் இத்தனை நாளும் திறந்தே பார்க்கப்படாமல் இருந்திருக்கிறது! காற்றுப் போக வழி செய்ததும் பாதிப் பெட்டிகள் ஒழுங்காக ஓடின. ஓடாதவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

"தங்கச்சி, இதுக்கெல்லாம் பதிலா நேத்ரா வேணும்" என்றேன்.

"தாரேண்ணே, நெட்டு நிக்காத ஊருக்கு மட்டும் லைன் இழுத்தப்புறம்" என்ற அன்புச்செல்வி, கொஞ்சம் தயங்கி, "மாட்டிக் குடுக்க, ரிப்பேர் பாக்க எனக்கும் ஆள் இல்ல. வருவீங்களா?" என்று கேட்டார்.

இப்போது அவர் விற்கிறார், நான் வீடு வீடாகப் போகிறேன். போன வாரம் நார்த்தாமலையில், முன்பு என்னிடம் ககனம் வாங்கி மஞ்சப்பையோடு திரும்பி வந்த சொர்ணவல்லி அக்கா வீட்டில் வேலை முடிந்ததும், மிக்ஸியையும் பார்க்கச் சொன்னார்.

"மிக்ஸி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றேன்.

"அப்ப சரி, நம்பிக் குடுக்கலாம்" என்று எடுத்துவந்து முன்னால் வைத்துவிட்டார்.